நோர்வேயின் இயற்கைப் பற்றும் எண்ணெய்ப் பணமும்: முரண் எங்கே இருக்கிறது?

மின்சாரக் காரில் ஏறிக் காட்டுக்கு நடக்கப்போகும் ஒரு சமூகம், கடலடியிலிருந்து எண்ணெய் எடுத்து உலகுக்கு விற்று வாழ்வது பாசாங்கு ஆகாதா என்றும், நோர்வேஜியரின் சுற்றுச்சூழல் அக்கறை உண்மையில் அவர்களுடைய பண்பாட்டில் வேரூன்றியதா அல்லது பணம் பெருகிய பிறகு வந்த பழக்கமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அக்கறை உண்மையானது, பணத்தைவிடப் பழையது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கற்பனை செய்யும் வகையைச் சேர்ந்தது அன்று. நோர்வேயில் இயற்கை எக்காலத்திலும் தொடாமல் வைத்துக் கும்பிடப்பட்ட பொருளாக இருந்ததில்லை. மீன் பிடிக்கவும், விறகு வெட்டவும், மான் வேட்டையாடவும், அருவியை மின்சாரமாக்கவும், ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு நடக்கவும் பயன்படும் பொதுவளமாகவே அதை அவர்கள் கருதி வந்திருக்கிறார்கள். ஆகவே அங்கு நடந்த பெரிய சுற்றுச்சூழல் மோதல்களில் பெரும்பாலானவை ஒரு பயன்பாட்டுக்கும் இன்னொரு பயன்பாட்டுக்கும் இடையில் நடந்தவை. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: இழப்பு தங்கள் முற்றத்தில் விழுந்தபோது நோர்வே அரசு வியக்கத்தக்க வேகத்துடனும் சாமர்த்தியத்துடனும் சட்டம் இயற்றியிருக்கிறது, இழப்பு வடக்கே துருவ மான் மேய்க்கும் ‘சாமி’ என்ற பழங்குடி மக்களின் நிலத்திலோ நாட்டின் எல்லைக்கு அப்பாலோ விழும்போது அதே அரசு தயங்கி, வழக்காடி, காலம் கடத்தியிருக்கிறது. பாசாங்கு என்ற சொல்லைவிட இந்த வேறுபாடுதான் நிலைமையைச் சரியாக விளக்கும் என்பது என் கருத்து.

முதலில் பண்பாட்டு அடித்தளம். 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம், அதற்கு முன்பே வழக்காறாக இருந்த ஓர் உரிமையை எழுத்தில் பதித்தது. அதன்படி, பயிரிடப்படாத நிலம் தனியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், எவரும் அதன் ஊடாக நடக்கலாம், பனிச்சறுக்கிச் செல்லலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம். மக்கள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடித்து, ஒரே இடத்தில் இரண்டு நாட்கள்வரை யாரிடமும் அனுமதி கேட்காமல் தங்கலாம். பயிரிடப்பட்ட வயலுக்குள்கூட, நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும் குளிர்காலத்தில் கடந்து செல்லலாம். இதற்கு ஈடாகச் சில கடமைகள் உண்டு: ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டக்கூடாது; குப்பையை விட்டுச் செல்லக்கூடாது; மேயும் விலங்குகளைக் கலைக்கக்கூடாது. வடக்கு மாவட்டங்களில் விளையும் மஞ்சள் நிற மூல்தே என்ற சதுப்புநிலப் பழத்துக்கு மட்டும் தனி விதி இருக்கிறது. அங்கே நில உரிமையாளர் அதைப் பறித்துச் செல்வதைத் தடை செய்யலாம், ஆனால் நின்ற இடத்திலேயே பறித்து உண்பதை அவராலும் தடுக்க முடியாது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் இவ்வளவு நுணுக்கமாகப் பழத்தைப் பற்றி யோசித்திருக்கிறது என்பதே அந்த உரிமையை மக்கள் எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறார்கள் என்பதைக் காட்டும்.

இந்த உரிமையைச் சுற்றித்தான் மற்றவை வளர்ந்தன. 1868இல் தொடங்கப்பட்ட நோர்வே மலையேற்றச் சங்கம் பாறைகளில் சிவப்பு நிறத்தில் அடையாளமிட்ட பாதைகளையும், ஐந்நூறுக்கும் மேற்பட்ட தங்கும் குடில்களையும் பராமரிக்கிறது. ஆளில்லாத பல குடில்களில் உறுப்பினர்கள் பொதுச் சாவியால் கதவைத் திறந்து, அலமாரியில் உள்ள உணவை எடுத்துச் சமைத்து, தாங்களே கணக்கெழுதிப் பணம் செலுத்திவிட்டுப் போகிறார்கள். மழையானாலும் பனியானாலும் பிள்ளைகளை வெளியில் விளையாட விடும் பாலர் பாடசாலைகளும், வசந்தகாலத்தில் குடியிருப்பில் உள்ளோர் ஒன்றுகூடி முற்றத்தைத் துப்புரவு செய்யும் டுக்னாட் என்ற கூட்டு உழைப்பு வழக்கமும் இதே மனப்பாங்கின் நீட்சிகள். 2017இல் மேற்குக் கரையில் சோத்ரா தீவருகே ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் வயிற்றில் சுமார் முப்பது பிளாஸ்டிக் பைகள் கிடந்தபோது, அதற்குப் பின்னர் கரைகளைத் துப்புரவு செய்ய மக்கள் பெருமளவில் திரண்டதற்கு இந்த வழக்கம் ஏற்கெனவே இருந்ததும் ஒரு காரணம்.

இதே பற்று இயற்கையைத் தின்னவும் செய்கிறது. சுமார் 56 இலட்சம் மக்கள் வாழும் நாட்டில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வுக் குடில்கள் இருக்கின்றன. முன்னைய தலைமுறையின் குடில் மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத மர அறை. இன்றையது பலவேளைகளில் வீதி, கழிவுநீர்க் குழாய், சூடேற்றிய தரை, கார் மின்னேற்றி ஆகியவற்றோடு கூடிய முழு வீடு. அத்தகைய குடியிருப்புகள் மலைச்சரிவுகளில் கொத்துக்கொத்தாக எழும்பும்போது, ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் காட்டுத் துருவ மான்களின் வலசைப் பாதைகள் துண்டாடப்படுகின்றன. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் 2021ஆம் ஆண்டின் செம்பட்டியலில் அந்த மான் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் நோர்வே அரச ஒலிபரப்பு நிறுவனம் செய்மதிப் படங்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 44,000 இடங்களில் இயற்கை நிலம் அழிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதாவது நிமிடத்துக்கு 79 சதுர மீற்றர். இயற்கையை நேசிப்பவர்கள் என்று தங்களைக் கருதிய வாசகர்களுக்கு அந்தச் செய்தி பெரும் அதிர்ச்சியாக இருந்தது. ஏனெனில் அழித்தவர்களின் வரிசையில் பன்னாட்டு நிறுவனங்களைத் தேடியவர்கள், தங்கள் மாநகரசபையின் கட்டட அனுமதிகளையும் தங்கள் குடில்களையுமே கண்டார்கள்.

அடுத்தது அருவிகள். எண்ணெய்க்கு அறுபது ஆண்டுகள் முன்பே நோர்வேயின் வளக் கொள்கை அருவிகளில்தான் உருவானது. 1905இல் சுவீடனிடமிருந்து பிரிந்த புதிய நாட்டில், நீர்மின் ஆற்றல் மிக்க அருவிகளை வெளிநாட்டு முதலாளிகள் விரைவாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1906இல் அவசரமாக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த அவசரத்தினாலேயே அதற்குப் ‘பீதிச் சட்டம்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1909இல் வந்த விரிவான சட்டம், தனியார் அருவியை வாங்கி மின்னிலையம் கட்டினால் உரிமக் காலம் முடிந்ததும் அருவியும் அணைக்கட்டும் மின்னிலையமும் இழப்பீடின்றி அரசிடம் திரும்ப வேண்டும் என்று விதித்தது. இன்று நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம் என்பதும், அதில் மிகப் பெரும் பகுதி அரசு, மாவட்டம், ஊராட்சி ஆகியவற்றின் உடைமை என்பதும் அந்தச் சட்டத்தின் விளைவு. வட கடலில் 1969இல் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபோது, இயற்கை வளத்தின் மிகை வருமானம் மக்களுக்கு உரியது என்ற கோட்பாட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. எண்ணெய் நிறுவனங்கள்மீது விதிக்கப்படும் 78 சதவீத மொத்த வரி அதே மரபின் வாரிசு. 2023 முதல் சால்மன் வளர்ப்புப் பண்ணைகள்மீது விதிக்கப்பட்ட 25 சதவீத வளவாடகை வரியும் அப்படியே.

ஆனால் நீர்மின்சாரம் சுத்தமானது என்பதால் அது இழப்பற்றது ஆகிவிடாது. 1970இல் மேற்கு நோர்வேயின் மார்டோலா அருவியின் நீரை மின்னுற்பத்திக்குத் திருப்பும் பணியைத் தடுக்க, போராட்டக்காரர்கள் பணிப்பாதையில் முகாமிட்டு அமர்ந்தார்கள். பொலிசார் தூக்கிச் சென்றவர்களில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியராக இருந்த அர்னே நெஸ்ஸும் ஒருவர். 1950இல் இந்துக்குஷ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான திரிச் மீரில் முதன்முதலாக ஏறிய குழுவை வழிநடத்தியவர் அவர்; காந்தியின் அகிம்சைப் போராட்ட முறையை ஆழ்ந்து ஆராய்ந்து நூல்கள் எழுதியவர். மார்டோலாவில் பொலிசாரை எதிர்க்காமலும் பணிந்துவிடாமலும் அமர்ந்திருந்த முறையில் அந்தப் படிப்பின் தடம் தெளிவாகத் தெரிகிறது. 1973இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில்தான் ‘ஆழ்சூழலியல்’ என்ற கருத்து உலகுக்கு அறிமுகமானது: மனிதருக்குப் பயன்படுகிறதா என்ற கேள்விக்கு அப்பால் உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்பது அதன் சாரம். நோர்வேயின் பொதுப் பண்பாட்டை இந்தத் தத்துவத்தோடு ஒன்றாக்கிச் சிலர் எழுதுவது சரியல்ல. நெஸ் தன் நாட்டவரால் மிகவும் மதிக்கப்பட்டார். ஆனால் அவருடைய சிந்தனை அந்நாட்டின் பயன்பாட்டு மரபுக்கு எதிராக எழுந்த விமர்சனம். மார்டோலாவில் அவர் தோற்றார். அருவியின் பெரும்பகுதி நீர் திருப்பப்பட்டது. இன்று கோடைச் சுற்றுலாக் காலத்தில் மட்டும் அதில் நீர் திறந்துவிடப்படுகிறது.

அதைவிடப் பெரிய மோதல் வடகோடியில், ஃபின்மார்க்கின் அல்தா ஆற்றில் நடந்தது. தொடக்கத் திட்டப்படி மாஸே என்ற சாமி கிராமம் நீரில் மூழ்கவிருந்தது. அந்தப் பகுதி கைவிடப்பட்ட பின்னும், துருவ மான்களின் மேய்ச்சல் நிலத்தையும் சால்மன் ஆற்றையும் பாதிக்கும் அணைத்திட்டம் தொடர்ந்தது. 1979 ஒக்டோபரில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் கூடாரமடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், துருவ இருளிலும் உறைகுளிரிலும், சங்கிலிகளால் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்த போராட்டக்காரர்களை அகற்ற சுமார் 600 பொலிசார் அனுப்பப்பட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 1987இல் அணை இயங்கத் தொடங்கியது. போராட்டம் அணையைத் தடுக்கவில்லை. ஆனால் சாமி மக்கள் யார், அவர்களுக்கு நிலத்தில் என்ன உரிமை என்ற கேள்வியை அதற்குப் பிறகு எந்த அரசாலும் ஒதுக்கிவைக்க முடியவில்லை. அதே 1987இல் சாமி சட்டம் வந்தது, 1989இல் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது.

அந்தப் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை என்பதை நடு நோர்வேயின் ஃபோசென் தீபகற்பம் காட்டியது. அங்கே ஸ்டோர்ஹெய்யா, ருவான் என்ற இரண்டு மேட்டுநிலங்களில் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவை தென்சாமி மேய்ப்பர்களின் குளிர்கால மேய்ச்சல் நிலங்கள். பனி மெல்லியதாக இருப்பதால் மான்கள் குளம்பால் கிளறிப் பாசியை எடுத்து உண்ணக்கூடிய உயரமான இடங்கள் அந்தப் பகுதியில் குறைவு. காற்று பலமாக வீசுவதும் அதே இடங்களில்தான். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்டுமானம் தொடர அனுமதிக்கப்பட்டது. 2021 ஒக்டோபர் 11 அன்று, உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த உரிமங்கள் சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையைப் பாதுகாக்கும் பன்னாட்டு உடன்படிக்கையை மீறுவதால் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு வந்த பின்னும் காற்றாலைகள் சுழன்றுகொண்டேயிருந்தன. ஐந்நூறு நாட்கள் கடந்தபோது, 2023 பெப்ரவரி 23 அன்று, சாமி இளைஞர்களும் சூழல் இயக்கத்தினரும் ஒஸ்லோவில் எண்ணெய், எரிசக்தி அமைச்சின் முன்கூடத்தை ஆக்கிரமித்து அமர்ந்தார்கள். சுவீடனிலிருந்து கிரேட்டா துன்பெர்க் வந்து சேர்ந்துகொண்டார். காலநிலைக்காக உலகெங்கும் போராடிய ஒருவர் காற்றாலைகளுக்கு எதிராக அமர்ந்ததைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் அவர் அமர்ந்தது ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரித்தான். அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பர் குழுக்களுடன் தனித்தனியே உடன்பாடுகள் எட்டப்பட்டன. காற்றாலைகள் அகற்றப்படவில்லை, மேலதிக மேய்ச்சல் நிலமும் ஆண்டுதோறும் பணமும் தருவதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலகமே புகழும் பசுமை மின்சாரம் ஒரு சிறுபான்மையினரின் வாழ்முறையை அழிக்க முடியும் என்பதை நோர்வே நீதிமன்றமே எழுத்தில் பதித்துவிட்டதால், இனி அங்கே எந்தக் காற்றாலைத் திட்டமும் பழைய இலகுவோடு நடக்காது.

இனி, நோர்வே உண்மையில் திறமையாகச் செய்யும் காரியங்களுக்கு வருவோம். அவற்றின் பொதுவான இயல்பு, மக்களின் நற்பண்பை நம்பியிராமல் விலையையும் விதியையும் சரியாக அமைப்பது. போத்தல் வைப்புப்பணம் இதற்கு எளிய உதாரணம். குளிர்பானம் வாங்கும்போது சிறிய போத்தலுக்கும் தகரப் பேணிக்கும் 2 குரோனர், பெரியதற்கு 3 குரோனர் கூடுதலாகச் செலுத்துகிறோம். வெறும் போத்தலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கிறது. உலகெங்கும் இத்தகைய இயந்திரங்களை விற்கும் தொம்ரா நிறுவனம் 1972இல் நோர்வேயில் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட போத்தல்கள் திரும்பி வருகின்றன. வெளியார் கவனிக்கத் தவறுவது உற்பத்தியாளர் பக்கத்து ஏற்பாட்டை. பானப் பொதிகளுக்கு அரசு ஒரு சுற்றுச்சூழல் வரி விதிக்கிறது. திரும்பப் பெறப்படும் வீதம் உயர உயர அந்த வரி குறைகிறது, 95 சதவீதத்தைத் தாண்டினால் முற்றாக நீங்கிவிடுகிறது. ஆகவே நிறுவனங்கள் தாங்களே முன்வந்து சேகரிப்பு முறையைச் செம்மையாக நடத்துகின்றன. பணத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பதிலாகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கான அதிர்ஷ்டலாபச் சீட்டாக மாற்றிக்கொள்ளும் பொத்தானும் இயந்திரத்தில் உண்டு.

மின்சாரக் கார்களின் கதையும் இத்தகையதே, அதில் கொஞ்சம் நாடகமும் உண்டு. 1989இல் பெல்லோனா என்ற சூழல் அமைப்பின் நிறுவனர் ஃப்ரெடெரிக் ஹவ்கே, ஆ-ஹா இசைக்குழுவின் இரண்டு உறுப்பினர்களோடு சேர்ந்து, மின்சாரத்தில் ஓடும்படி மாற்றப்பட்ட சிறிய ஃபியட் பாண்டா கார் ஒன்றை நோர்வேக்குக் கொண்டுவந்தார். அவர்கள் சுங்கச்சாவடிகளில் வேண்டுமென்றே கட்டணம் செலுத்த மறுத்தார்கள். அபராதங்களுக்காகக் கார் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் விடப்படும். அவர்களே அதை மீண்டும் வாங்குவார்கள். 1990இல் பதிவு வரியிலிருந்து விலக்கு, 1997இல் சுங்கக் கட்டண விலக்கு, 2001இல் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியிலிருந்து விலக்கு, பின்னர் பேருந்துத் தடத்தில் செல்ல அனுமதி என்று சலுகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. பெற்றோல் கார்களுக்கு நோர்வேயில் முன்பிருந்தே மிகக் கடுமையான வரி இருந்ததால், விலக்கு என்பதே பெரிய விலைக்குறைப்பாக அமைந்தது. 2024இல் விற்பனையான புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். கார் உற்பத்தித் தொழில் உள்நாட்டில் பெரிதாக இல்லாததும், மலிவான நீர்மின்சாரம் இருந்ததும், தனி வீடுகளில் மின்னேற்ற வசதி இருந்ததும் இதற்கு உதவின என்பதை மறைக்கக்கூடாது. சலுகைகளின் பெரும்பங்கு வசதியான குடும்பங்களுக்கே போனது என்ற விமர்சனமும் நியாயமானது. 2023 முதல் ஐந்து இலட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி அறவிடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடல்வளத்தில் நோர்வேயின் சாதனை கார்களைவிடப் பெரியது என்று நான் கருதுகிறேன், ஆனால் அது அதிகம் பேசப்படுவதில்லை. நோர்வேக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலின் கொட் மீன் வளம் எண்பதுகளின் இறுதியில் வீழ்ச்சியடைந்தபோது, 1989 ஏப்ரல் 18 அன்று கரையோர மீனவர்களின் கொட் மீன்பிடி நிறுத்தப்பட்டது. பருவத்தின் நடுவில் படகுகள் கட்டிவைக்கப்பட்டன. மீனையும் மீன் ஆலைகளையும் மட்டுமே நம்பியிருந்த வட நோர்வே ஊர்கள் நிலைகுலைந்தன. எண்பதுகளில் ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஈழத்தமிழர் பலரும் அந்த ஊர்களில்தான் வாழ்ந்தார்கள். 1990 முதல் ஒவ்வொரு படகுக்கும் தனி ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன்பே, 1987இல், பிடித்த கொட் மீனைக் கடலில் திருப்பி வீசுவது தடை செய்யப்பட்டிருந்தது. பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்ற அந்த விதியை ஐரோப்பிய ஒன்றியம் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் ஏற்றுக்கொண்டது. மொத்த மீன்பிடி ஒதுக்கீட்டை 1976 முதல் மொஸ்கோவுடன் ஆண்டுதோறும் கூட்டாகத் தீர்மானித்து வருகிறார்கள். பனிப்போரின் உச்சத்திலும் உக்ரேன் போருக்குப் பின்னரும் அந்தப் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. 2013இல் ஒதுக்கீடு பத்து இலட்சம் தொன்னாக உயர்ந்தது. 2025இல் அது 340,000 தொன்னாகக் குறைக்கப்பட்டது. வளம் குறையும்போது ஒதுக்கீட்டைக் குறைக்கும் துணிவு அரசுக்கு இருக்கிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

வளர்ப்பு சால்மன் விடயத்தில் அந்தத் துணிவைக் காணவில்லை. கடற்கூண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 15 இலட்சம் தொன் சால்மன் வளர்க்கப்படுகிறது. கூண்டுகளில் பெருகும் கடல்பேன் என்ற ஒட்டுண்ணி, ஆற்றிலிருந்து கடலுக்குச் செல்லும் காட்டு சால்மன் குஞ்சுகளைக் கொல்கிறது. தப்பியோடும் வளர்ப்பு மீன்கள் காட்டு மீன்களோடு கலந்து அவற்றின் மரபணுவை மாற்றுகின்றன. 2017 முதல் கடற்கரை பதின்மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, பேன் பாதிப்பின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கப்பட்டு, சிவப்பு மண்டலங்களில் உற்பத்தி குறைக்கப்படுகிறது. ஆயினும் 2024 ஜூனில், காட்டு சால்மன் வரத்து மிக மோசமாக இருந்ததால், பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே 33 ஆறுகளில் மீன்பிடி நிறுத்தப்பட்டது. கடல் வெப்பமடைதலுக்கும் அதில் பங்கு உண்டு. எனினும் தூண்டில்காரர்களை ஒரே நாளில் ஆற்றிலிருந்து வெளியேற்ற முடிந்த அரசு, கூண்டுகளை அகற்றுவதற்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆலோசித்துக்கொண்டிருப்பதை அந்த ஊர்க்காரர்கள் சுட்டிக்காட்டாமல் இல்லை.

கடைசியாக, நீங்கள் முதலில் கேட்ட எண்ணெய்.

இதைப் புரிந்துகொள்ள அமில மழையிலிருந்து தொடங்குவது நல்லது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தென் நோர்வேயின் ஏரிகளில் மீன்கள் செத்து மிதந்தன; பல ஆறுகளில் சால்மன் அற்றேபோனது. காரணம் பிரித்தானியாவிலும் ஐரோப்பியப் பெருநிலத்திலும் நிலக்கரி எரித்து வெளியான கந்தகம், காற்றில் வந்து மழையாக விழுந்தது. நோர்வே அறிஞர்கள் அதை ஆய்ந்து நிறுவினார்கள். நோர்வே அரசு அதை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றது. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய 1979ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை உருவானதில் நோர்டிக் நாடுகளின் அந்த அழுத்தத்துக்குப் பெரும் பங்குண்டு. 1974 முதல் 1979 வரை சூழல் அமைச்சராக இருந்தவர் குரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட். பின்னர் பிரதமரான அவருடைய தலைமையில் ஐ.நா. ஆணைக்குழு 1987இல் வெளியிட்ட அறிக்கையே நிலைபேறான வளர்ச்சி என்ற கருத்தை உலக அரசியலின் பொதுமொழியாக்கியது. உங்கள் புகைபோக்கியிலிருந்து வெளியாகும் பொருள் எங்கள் ஏரியைக் கொன்றால் பொறுப்பு உங்களுடையது என்பதுதான் அன்று நோர்வேயின் வாதம்.

எண்ணெய் விடயத்தில் அந்த வாதம் தலைகீழாகிறது. நோர்வேயின் உள்நாட்டுப் பசுமைக்குடில் வாயு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 45 மில்லியன் தொன். அது ஏற்றுமதி செய்யும் எண்ணெயும் எரிவாயுவும் பிற நாடுகளில் எரியும்போது வெளியாவது அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. பன்னாட்டுக் கணக்கியல் விதிப்படி எரித்த நாட்டின் கணக்கிலேயே அது சேரும் என்பதால், நோர்வே அரசு நெடுங்காலமாக அதைத் தன் முடிவுகளில் எடைபோட மறுத்து வந்தது. உள்நாட்டில் அது செய்தவை குறைவானவை அல்ல. 1991இலேயே காபனீரொட்சைட்டு வரி வந்தது. அந்த வரியைத் தவிர்ப்பதற்காகத்தான் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் பிரித்தெடுக்கப்படும் காபனீரொட்சைட்டை, 1996 முதல் ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் அளவில், கடலடி மணற்கல் அடுக்குக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். எண்ணெய் வருமானம் சேரும் ஓய்வூதிய நிதியம் உலகின் பட்டியலிட்ட பங்குகளில் சுமார் 1.5 சதவீதத்தை உடைமையாகக் கொண்டிருக்கிறது. 2015இல் நாடாளுமன்றம் எடுத்த முடிவுக்குப் பிறகு நிலக்கரியில் பெரிதும் தங்கியுள்ள நிறுவனங்களை அது விலக்கியும் இருக்கிறது. பிரேசில், இந்தோனேசியா, கயானா ஆகிய நாடுகளின் மழைக்காடுகளைக் காக்கப் பெருந்தொகை கொடுக்கப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஆனால் கடலில் உள்ள எண்ணெய்த் தளங்களுக்குக் கரையிலிருந்து நீர்மின்சாரம் அனுப்பி, எண்ணெய் எடுக்கும் பணியின் உமிழ்வைக் குறைத்துவிட்டு, எடுத்த எண்ணெயை விற்பதைச் சூழல் கொள்கை என்று அழைக்கும்போது, உள்ளூரிலேயே பலர் முகம் சுளிக்கிறார்கள். ஹம்மர்ஃபெஸ்ட் அருகே மெல்கொய்யா எரிவாயு ஆலையை மின்மயமாக்கும் திட்டம் 2023இல் அனுமதிக்கப்பட்டபோது, அதற்கான மின்கம்பிகளும் காற்றாலைகளும் மீண்டும் சாமி மேய்ச்சல் நிலத்தையே நோக்கி வந்தன.

அரசியலமைப்பின் 112ஆம் பிரிவு, நலமான சூழலுக்கும் பல்வகைமை காக்கப்பட்ட இயற்கைக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்றும், அது வருங்காலத் தலைமுறையினருக்கும் காக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. அதன் அடிப்படையில், பேரன்ட்ஸ் கடலில் எண்ணெய் தேட வழங்கப்பட்ட உரிமங்களை எதிர்த்து கிரீன்பீஸும் ‘இயற்கையும் இளைஞரும்’ என்ற அமைப்பும் தொடுத்த வழக்கில், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. ஆனால் வயல் உற்பத்திக்கு அனுமதி கேட்கும் கட்டத்தில் பிற நாடுகளில் எரிப்பதால் வரும் உமிழ்வையும் ஆராயலாம் என்ற கதவை அந்தத் தீர்ப்பு திறந்துவிட்டது. 2024 ஜனவரியில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம், ப்ரெய்டாப்லிக், டிர்விங், இக்ட்ராசில் என்ற மூன்று வயல்களின் அனுமதிகளை, அந்த ஆய்வு செய்யப்படவில்லை என்ற காரணத்தால் செல்லாதவை என்று அறிவித்தது. அரசு மேன்முறையீடு செய்தது. 2025 ஒக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பழைய பேரன்ட்ஸ் கடல் உரிமங்களில் உரிமை மீறல் இல்லை என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அதே வேளையில், புதிய வயலை அனுமதிக்கும் முன் எரிப்பு உமிழ்வையும் கணக்கிட்டே ஆகவேண்டும் என்பதையும் தெளிவாக்கியது. கணக்கிட்ட பிறகு அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. மேற்சொன்ன மூன்றில் ப்ரெய்டாப்லிக் 2023 ஒக்டோபரிலும் டிர்விங் 2024 செப்டெம்பரிலும் உற்பத்தியைத் தொடங்கிவிட்டன. இக்ட்ராசில் 2027ஆம் ஆண்டுக்கெனக் கட்டப்பட்டு வருகிறது.